ஐம்பத்துநான்கு அங்குலம்

நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, அந்தப் பழைய சைடு போர்டின் மறுகோடிக்கு நடந்தார் என் வீட்டுக்காரர்.

அது அவருடைய தையல் நாடா. அறுபது அங்குலம். ஆனால் முதல் மூன்று அங்குலம் என்றைக்கோ நைந்து அறுந்துவிட்டது. எதை அளந்தாலும் கடைசியில் மூன்றைக் கழிக்க வேண்டும்.

புதிது வாங்குங்கள் என்றால், கைக்குப் பழகியது இதுதான் என்பார். இருபத்தாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்ததில் எனக்கும் கழிக்கப் பழகிவிட்டது.

மரச்சாமான் கடையில் அரைமணி நேரமாகச் சுற்றுகிறோம். ஒன்றைத் திறந்தாலே பூச்சிமருந்து வாடை. இன்னொன்றுக்குச் சிங்கத்தின் கால்கள். அது வீட்டுக்கு வந்தால் நம்மைத்தான் வெளியே அனுப்பும் என்றார்.

சுற்றியதெல்லாம் சும்மா. நான் மூன்று வாரமாகப் பேருந்து ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து, அவரிடமும் காட்டி ஆசைப்பட்டது இதை மட்டும்தான்.

இடுப்புயரத் தேக்கு. மேலே மூன்று இழுப்பறை, கீழே இரண்டு கதவு. நடு இழுப்பறையின் கைப்பிடி மட்டும் மற்றவற்றோடு சேராமல், யார் வீட்டிலிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது போல இருந்தது. அதனாலேயே எனக்குக் கூடுதலாகப் பிடித்தது.

வீட்டில் தட்டும் கிண்ணமும் இன்னும் அட்டைப்பெட்டிகளில்தான். யாராவது சாப்பிட வந்தால் நான் தரையில் உட்கார்ந்து தோண்ட வேண்டும்.

அந்தப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் இடம்தான் கணக்கு. சாப்பாட்டு அறையில், அவருடைய தையல் மெஷினுக்கும் என் நாற்காலிக்கும் நடுவே ஐம்பத்துநான்கு அங்குலம். அதற்கு மேல் நூலளவு கூடினாலும் மெஷினை எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் நகர்த்தலாம் என்றால் கதவு இடிக்கும். அப்புறம் உள் அறைதான். அங்கே ஜன்னல் கிடையாது.

மெஷினை எடுப்பதென்றால் சைடு போர்டே வேண்டாம் என்று புறப்படும்போதே சொல்லிவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் இல்லாமல் அவரால் தைக்க முடியாது.

நாடாவை இழுத்துப் பிடித்தார். அதன் தகர முனை மரத்தின் விளிம்பில் கச்சிதமாகப் போய் நின்றது. முழு நாடா. அறுபது. மூன்று போனால் ஐம்பத்தேழு.

எனக்கு மனசு விட்டுப்போயிற்று. சரி, கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று நாடாவை விடப் போனேன்.

"ஐம்பத்துநாலு. அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு" என்றார்.

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு இல்லை. கடைக்காரரிடம் எப்போது கொண்டுவந்து இறக்குவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.



மூன்றை இரண்டு தடவை கழித்துவிட்டாரா? இல்லை, கண்ணா? போன மாதம்தான் முதல் தடவையாக ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார். நான் கோத்துக் கொடுத்தேன். போன செவ்வாய்க்கிழமை ஜிப் வாங்கப் போய், மூன்று மணி நேரம் கழித்து ஜிப் இல்லாமல் வந்தார். மறந்துபோச்சு என்றார்.

இத்தனை வருடத்தில் யாருடைய இடுப்பளவும் இவரிடம் தப்பியதில்லை. அளவு தப்பினால் இந்த மனுஷன் உடைந்துபோவார். அதை நான் எப்படி அவரிடம் சொல்வேன்?

கண் கலங்குவதை அவர் பார்த்துவிடக் கூடாதென்று குனிந்து, நடு இழுப்பறையை இழுத்தேன்.

உள்பக்கப் பலகையில் நீலச் சாக்பீஸ்.

துணியிலும் அவர் அப்படித்தான் குறிப்பார். எப்போதும் உள்பக்கம், தைக்கக் கொடுத்தவர் கண்ணில் படாமல். ஏழின் வாலை வளைத்துவிடும் அதே கையெழுத்து.

57. அதன் கீழே 54. கோடு போட்டுக் கழித்து, 3. பக்கத்தில் ஒரு அம்புக்குறி: மெஷின், உள் அறை.

ஜிப் இல்லாத செவ்வாய்க்கிழமை.

கண்ணுக்கு ஒன்றும் இல்லை. கணக்குக்கும் ஒன்றும் இல்லை. பொய் சொல்லியிருக்கிறார், கல்லுளிமங்கர்! ஊருக்கெல்லாம் அரை அங்குலம் கூட்டிக் குறைத்துச் சொல்லாத மனுஷன், எனக்காக முழுசாக மூன்று அங்குலம் பொய் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அப்போது அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கடையாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

அந்த நிமிடம்தான் இன்னொன்றும் உறைத்தது. இடத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் மெஷின், மறுபக்கம் என் நாற்காலி. மெஷினைத் தொடக் கூடாது என்று நான். நாற்காலியைத் தொடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான்.

கட்டைவிரலால் சாக்பீஸை அழுத்தித் துடைத்தேன். இழுப்பறையைத் தள்ளி மூடினேன்.

"இதையே எடுத்துக்கலாங்க. ஆனா இனிமே என் நாற்காலிய உங்க எதிர்லதான் போட்டுக்குவேன். அந்த மூலையில காத்தே வரல."

நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைப் பார்த்தார்.

கடைசியில் என் கட்டைவிரலைப் பார்த்தார். அது நீலமாக இருந்தது.