மறிக்கப்பட்ட தந்திகள்

ஹம்பேர்க்கில் ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்வது பிரபாலினியின் வேலை. இன்றைக்கு நூறு வருசத்துக்கு முந்தைய ஜெர்மன் குடியேற்ற நாடான கிழக்கு ஆப்பிரிக்காவின் எல்லைத் தந்தி நிலையப் பதிவேடு. எல்லை தாண்டும் தந்திகளை வாசித்து, பிடிக்காதவற்றை அதிகாரி சிவப்புப் பென்சிலால் குறுக்கே கீறி மறித்திருந்தான். செத்தவீட்டுச் செய்திகளைக்கூட அந்தப் பாவி விடவில்லை.

411ஆம் பதிவில், அதே மங்கிய மையில், பெறுநர் இடத்தில் அவள் பெயர் இருந்தது: "அம்மாவுக்குக் கடுமை. உடனே வா." குறுக்கே சிவப்புக் கோடு.

லொக்கரில் இருந்த போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு செய்தியும் இல்லை. யாழ்ப்பாணத்திலுள்ள அண்ணனை அழைத்தாள்.

"விடியத்திலிருந்து மெசேஜ் போடுறன், ஒரு பதில் போட ஏலாதோ உனக்கு? அம்மா கண்ணை மூடிட்டா. இனி இஞ்சை வராதை."

வைத்துவிட்டான். "அண்ணா, எனக்கு ஒண்டும் வரேல்லை" என்று எழுதி அனுப்பினாள்.

மேசைக்குத் திரும்பியபோது 412ஆம் பதிவும் இருந்தது. அவள் இப்போது அண்ணனுக்கு அனுப்பிய வரிதான். குறுக்குக் கோட்டில் சிவப்புத் தூள் இன்னும் உதிரவில்லை.