இதயத்தில் ஆட்குறைப்பு

மில் தொழிற்சங்கத் தலைவராயிருந்து ஓய்வுபெற்ற வெள்ளிங்கிரி, எவருக்கேனும் வேலை போகிறதென்று கேள்விப்பட்டால், உண்ணுஞ் சோற்றை விட்டு எழுந்துவிடும் வழக்கமுடையவர். அவருக்கு இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்த பின், மீண்டும் அடைப்பு வந்துவிடுமோ என்றஞ்சிய மனைவி மயிலாத்தாள், நடக்கும்படி எவ்வளவோ கெஞ்சியும், அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஆகவே அவரை மருத்துவரிடம் இழுத்து வந்தாள்.

மருத்துவர் அவருடைய இதய ரத்தக்குழாய்களின் படத்தைக் காட்டினார். "பெரிய குழாய் அடைச்சிருந்தப்ப, பக்கத்துல இந்தச் சின்ன ரத்தக்குழாயெல்லாம் தானாப் பெருத்து உங்களைக் காப்பாத்திச்சு. இப்பப் புதுக் குழாய் வச்சாச்சு. இனி இதுங்க வேலையில்லாமச் சுருங்கிடும்."

வெள்ளிங்கிரியின் முகம் சிவந்தது. "இத்தனை வருசம் உழைச்சதுகளை, புது ஆளு வந்ததும் வெளிய அனுப்புவீங்களா? ஒத்துக்க முடியாதுங்க!"

"ஏனுங்க, நெஞ்சுக்குள்ளயும் போயிக் கொடி புடிக்கோணுமாக்கும்?" என்று மயிலாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதுகளுக்கு வேலை குடுக்க வழியே இல்லீங்களா, டாக்டர்?"

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "நடந்தீங்கன்னா இதயத்துக்கு ரத்தம் நிறைய வேணும். அப்ப இதுங்களுக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கலாம்."

வெள்ளிங்கிரி அப்படத்தை நெடுநேரம் உற்று நோக்கினார். பின்பு மனைவியிடம் திரும்பி, "நாளைக்குக் காலையில நடக்கப் போறேன், எழுப்பி உடு" என்று மெல்லச் சொன்னார்.