இறங்குவதற்கு ஒரு கை

பெரிய ட்ரோன் மேலே ஏறிய பிறகுதான் பாலகுமாருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இது எங்கே இறங்கும்? வாய்விட்டே கேட்டுவிட்டார்.

சுற்றிலும் சரிவு. சரிவு முழுக்கக் காப்பிச் செடி. செடிகளுக்கு மேலே சில்வர் ஓக் மரங்கள். செம்மநத்தம் போகிற ரோட்டோரத்து எஸ்டேட்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைக்கக்கூடச் சமதரை கிடையாது.

"அதுக்குத்தானுங்க எங்கூட்டுக்காரி இருக்கறா," என்றார் மாரிசாமி, ட்ரோனிலிருந்து கண்ணெடுக்காமல்.

செடிகளுக்கு நடுவே வெண்ணிலா உறை மாட்டிய வலது கையைத் தூக்கி நின்றாள். ட்ரோன் அவள் தலைக்கு மேல் வந்து, தயங்கி, இறங்கியது. அதன் அடிவயிற்றைப் பிடித்தாள். பிடித்த கணம் அது மேலே போகத் திமிறியது. இடது கையையும் கொடுத்து அடக்கினாள்.

ஏற்காட்டுக் கல்யாணங்களை அவர்கள் இப்படித்தான் எடுத்து வந்தார்கள். அவர் பறக்க விடுவார், அவள் பிடிப்பாள். பழைய ட்ரோன் போன வாரம் கிளியூர்ப் பக்கம் ஒரு மரத்தில் மோதி உயிரை விட்டிருந்தது. வியாழக்கிழமை எஸ்டேட் பங்களாவில் கல்யாணம். இன்றைக்கு ஒன்றை வாங்கியாக வேண்டும்.

மலைக் காற்றில் பறக்கவிட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்று மாரிசாமி சொல்லிவிட்டதால், சேலத்தில் கேமராக் கடை வைத்திருக்கும் பாலகுமார் இரண்டு பெட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு, அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி வந்திருந்தார்.

பாசத்தால் அல்ல. பெரியது பொங்கலிலிருந்து கண்ணாடி அலமாரியில் குந்தியிருந்தது. அதன் அடுத்த மாடல் வரப்போகும் சேதி பரவுவதற்குள் அதை யார் தலையிலாவது கட்டியாக வேண்டும். மாரிசாமியின் தலை தோதாகப் பட்டது.

"மூணு லென்ஸுங்க. எந்தக் காத்துக்கும் அசையாதுங்க. பொண்ணு நெத்திப் பொட்டு வரைக்கும் தெரியுமுங்க."

சிறியதை அவர் பெட்டியிலிருந்து எடுத்ததே ஒப்புக்குத்தான். கால் கிலோகூட இல்லாத பொருள். பட்டுப் புடவையின் அருமை தெரிய ஜவுளிக்கடைக்காரர் பக்கத்தில் ஒரு நூல் புடவையையும் விரிப்பாரே, அந்த மாதிரி.

மாரிசாமி சிறியதையும் பறக்க விட்டார். வெண்ணிலா பிடித்தாள். மறுபடி பெரியது. மறுபடி சிறியது.

வேடிக்கை என்னவென்றால், எடுத்த படத்தை மனிதர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. திரையை நீட்டினால் "ம்" என்றார். இறங்குகிறபோது மட்டும் இமை கொட்டாமல் பார்த்தார். இறக்கத்தைச் சோதிக்கிறார், விவரமான ஆள்தான் என்று பாலகுமார் நினைத்துக்கொண்டார்.

"சின்னதே குடுத்துருங்க."

பாலகுமார் பெரியதன் பெட்டியை முன்னால் தள்ளினார்.

"ஏனுங்க, காத்தடிச்சா அது கொசுவாட்டம் அலையுமுங்க. அப்பறம் கல்யாணக்காரங்க உங்களைத்தானுங்க பேசுவாங்க."

மாரிசாமி அவரைக் காருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"பெருசு வந்தப்ப ரெண்டு கையுங் குடுத்துப் புடிச்சா, பாத்தீங்களா? மழைல வழுக்கி உழுந்ததுல இருந்து மணிக்கட்டு சரியில்லைங்க. வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறா. நானாக் கேட்டேன்னு வைங்க, அன்னைக்கே உறையக் கழட்டி வெச்சுட்டு, வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு ஊட்டுல குந்திக்குவா."

காரின் டயரைச் செருப்புக் காலால் ஒரு தட்டு தட்டினார்.

"அவ கீழ நிக்காம எனக்குப் பறக்கவுட வராதுங்க. சின்னதுதான் நல்லதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க."

பாலகுமார் பரம்பரை வியாபாரி. விலை கூடிய சரக்கை வாங்காதே என்று அவர் வம்சத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. அப்பா காதில் விழுந்தால் கல்லாவை விட்டு எழுந்திருக்கச் சொல்லிவிடுவார். ஆனாலும் நாக்கு எப்படியோ புரண்டது.

"பெருசு வேண்டாமுங்க அம்மிணி," என்றார், செடிகளை விலக்கிக்கொண்டு வந்த வெண்ணிலாவிடம். "ஒரே இரைச்சல். ஐயரு சொல்ற மந்திரமே காதுல உழாது. மரத்துக்கு நடுவுல பூரவும் பூராது. படத்துலயும் அப்படியொண்ணும் வித்தியாசம் இல்லைங்க."

பொய் சொல்லிப் பழகிய வாய்தான். இந்தத் திசையில் பழக்கம் இல்லாததால் கொஞ்சம் திணறியது.

வெண்ணிலா அவரையே பார்த்தாள். ஏரிக்கரையில் மிளகும் ஏலக்காயும் விற்றவரின் மகள் அவள். தராசுக்குப் பக்கத்தில் தூளி கட்டி வளர்த்த பிள்ளை.

பிறகு புருஷனைப் பார்த்தாள். அவர் சிறிய ட்ரோனின் இறக்கைகளை மடக்குவதில் மும்முரமாக இருந்தார். மடக்கியதை விரித்து மறுபடியும் மடக்கினார்.

"வெலை கூடுனத வேண்டாங்கற யாவாரிய இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்," என்றாள்.

பாலகுமார் குனிந்து பெரியதன் பெட்டியை மூடினார்.

வெண்ணிலா இடது கையால் வலது மணிக்கட்டை மெல்ல நீவிவிட்டுக்கொண்டாள். உறையைக் கழற்றவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவருகிட்டச் சொல்லீராதீங்க. பாவம், காத்தால இருந்து நொம்பச் சிரமப்பட்டு நடிக்கறாரு."