டாக்டர் ஹௌகன் இல்லாத பிளான்

"எங்கப்பாவோட டாக்டர் பேர் இல்லாத பிளானாப் பார்த்துக் குடுங்க."

மார்லிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ஊர் நூலகத்தின் மூலை மேஜையில் உட்கார்ந்து, வயதானவர்களுக்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் பிளான் தேர்ந்தெடுக்க உதவுவது பதினோரு வருஷமாக அவள் செய்துவரும் தொண்டு. பிளானில் பேர் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளுக்குத்தான் காப்பீடு செல்லும். 'என் டாக்டர் இதுல இருக்காரா பாருங்க' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை.

"இல்லாததா?"

"ஆமா. டுலூத் இதய ஆஸ்பத்திரி இருக்கணும். டாக்டர் ஹௌகன் இருக்கக் கூடாது. அப்பா வண்டிய நிறுத்திட்டு வர்றார், அவர் முன்னால இதக் கேட்க முடியாது."

பிரிட்டா டுலூத் நகரத்தில் வேலை பார்ப்பவள். மாசம் ஒருமுறை அப்பாவைப் பார்க்க வருவாள். 'தன் வீட்டுப் பக்கத்துலயே வைத்தியம் முடிஞ்சிட்டா, இங்க வர்ற அலைச்சல் மிச்சம்' என்று மார்லிஸ் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

பிரிட்டாவின் அப்பா ஆர்விட் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். எழுபத்தொன்பது வயது.

"என்னம்மா மார்லிஸ், என்னை எந்தப் பெட்டியில போட்டு மூடப் போறீங்க ரெண்டு பேரும்?"

"பெட்டியில்ல அப்பா, பிளான்" என்றாள் பிரிட்டா. "உங்க இதய வால்வு சுருங்கிட்டே வருது. ரெண்டு வருஷத்துல ஆபரேஷன் வரலாம்னு சொல்லியிருக்காங்க. இப்ப இருக்கிற பிளான்ல டுலூத் ஆஸ்பத்திரி கிடையாது. இந்தப் புதுசுல இருக்கு."

"ஹௌகன் இருக்காரா?"

"இல்ல."

"அப்ப வேண்டாம்."

"அந்த ஆஸ்பத்திரி, ஹௌகன் ரெண்டும் இருக்கிற பிளான் ஒண்ணு இருக்கு" என்று மார்லிஸ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். "மாசக் கட்டணம் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்."

பிரிட்டாவின் முகம் சிவந்தது. "அது வேண்டாம்."

"அவர்தானே சொல்லணும்? மெடிகேர் அவரோடது" என்றாள் மார்லிஸ்.

"அப்படிக் கேளு!" ஆர்விட் மேஜையில் தட்டினார். பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இருபத்தாறு வருஷமா அவர்தான் என் டாக்டர். ஏரியில மீன் பிடிக்கப் போயி நான் காலை உடைச்சுக்கிட்டப்ப, அந்தப் பனியில நடந்தே வந்து கட்டுப் போட்டவர். அவரை விட்டுட்டு டுலூத்ல யார்கிட்டயோ சட்டையக் கழட்டணுமா நான்?"

"கழட்டித்தான் ஆகணும்."

"இந்தப் பிடிவாதம் உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"எதிர்ல உட்கார்ந்திருக்கார்."

மார்லிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "பிரிட்டா, இது உனக்கு வசதியா, அவருக்கு வசதியா?" என்று கேட்டேவிட்டாள்.

பிரிட்டா அப்பா பக்கம் திரும்பினாள். "எனக்காக மாறுங்கப்பா. காரணம் கேட்காதீங்க."

ஆர்விட் உரக்கவே சொன்னார்: "சரி. பொண்ணு சொல்ல மீற முடியல. எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு இதுல இஷ்டமில்ல."

மார்லிஸ் விவரங்களைப் பதிந்து முடித்ததும் அவர் கழிப்பறைப் பக்கம் எழுந்து போனார்.

"சந்தோஷமா?" என்றாள் மார்லிஸ்.

பிரிட்டாவின் கண் கலங்கியிருந்தது. "டாக்டர் ஹௌகனே போன வாரம் எனக்குப் போன் பண்ணார். அவருக்கு ஞாபகம் தப்புதாம். அப்பாவுக்கு ஒரே மாத்திரைய ரெண்டு தடவை எழுதிட்டார். மருந்துக்கடையில கவனிச்சதால தப்பிச்சோம். கிறிஸ்துமஸோட கிளினிக்க மூடறார். அதுவரைக்கும் புது டாக்டர் ஒருத்தரை வரவழைச்சுப் பக்கத்துல உட்கார வச்சிருக்கார்."

"இத அப்பாகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல வேண்டாம்னு கெஞ்சினார். 'உங்கப்பா கண்ணுல நான் பழைய டாக்டராவே இருந்துட்டுப் போறேன். உன் பிடிவாதம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயிடு'ன்னு அழுதார். அவரும் இருக்கிற பிளான எடுத்தா, கடைசி நாள் வரைக்கும் அவர்கிட்டத்தான் போவேன்னு அப்பா அடம் பிடிப்பார். திட்டு என்மேலயே விழட்டும்."

மார்லிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிரிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியைச் சூடாக்கி வைக்கிறேன் என்று வெளியே போனாள்.

ஆர்விட் திரும்பி வந்து கோட்டை மாட்டினார்.

"மார்லிஸ், என் பொண்ணத் தப்பா நினைக்காத."

"இல்ல, இல்ல ஆர்விட்."

"நானே மாறணும்னுதான் இருந்தேன். ஆனா நானா விட்டுட்டுப் போனா ஹௌகன் மனசு ஒடைஞ்சிடும். இவ இழுத்துட்டுப் போனான்னா அவருக்கு வலிக்காது. இந்த ஊர்ல நூலகத்துல கத்தினா, சாயங்காலத்துக்குள்ள அவர் காதுக்குப் போயிடும். அதான் அந்தக் கத்து கத்தினேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"செப்டம்பர்ல போனப்ப, 'ஈவ்லின் எப்படி இருக்கா?'ன்னு என் பெண்டாட்டியப் பத்திக் கேட்டார். அவ போயி எட்டு வருஷம் ஆச்சு. கடைசி ராத்திரி முழுக்க அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தவரே அவர்தான். 'நல்லா இருக்கா டாக்டர், உங்கள விசாரிச்சா'ன்னு சொல்லிட்டு வந்தேன்."