ஒத்திகைத் திரை

இந்தப் படம் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? மணிலா விடுதியின் குளிர்ந்த கூடத்தில், மென்பொருள் மாநாட்டுத் திரையில், ரொவேனாவின் கணக்குப் பிரிவு முழுவதும் பன்சித் நூடுல்ஸ் தட்டுகளை ஏந்திச் சிரிக்கிறது. இந்த மென்பொருள் வந்தபின் அவளைத் தவிர அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரையின் நீல வெளிச்சம் காலி நாற்காலிகளின் மேல் படர்ந்து கிடக்கிறது. மென்பொருள் நிறுவனத்து ஜோமார், மேடைப் பேச்சின் ஒத்திகைக்காக அவள் சட்டைக் கழுத்தில் மைக்கை மாட்டுகிறான். “படம் வந்ததும், ‘எங்க டீமுக்கு இப்ப வேலையே சுளுவாயிடுச்சு’ன்னு சொல்லுங்க மேடம். கொஞ்சம் சிரிங்களேன், பல்லுக்கு என்ன வரியா போடறாங்க?” விளக்கைச் சரிபார்க்கிறவன் மேலிருந்து களுக்கென்று சிரிக்கிறான். திரையில், வேலை போன லிகாயாவின் கை ரொவேனாவின் தோளைச் சுற்றிக் கிடக்கிறது. ரொவேனா மைக்கைக் கழற்றுகிறாள். ஒயரைப் பொறுமையாகச் சுருட்டி அவன் உள்ளங்கையில் வைக்கிறாள். “அத நான் சொல்லமாட்டேன், ஜோமார்.”