வாசலில் நின்ற சிறுபடம்

அமலோற்பவம் டீச்சரின் கணினியில் அவர் வீட்டு வரைபடம் ஒரு கோப்பாகக் குடியிருந்தது. அதன் வாசலில், அதே வரைபடம் விரல்நகம் அளவில் ஒரு சிறுபடமாக நின்றது.

"என் மூஞ்சியைப் பார்த்துத்தான் உன்னை ஊருக்கே தெரியும்" என்று சிறுபடம் அடிக்கடி சொல்லும்.

"ஆமாண்ணே" என்று கோப்பு அடங்கிப்போகும்.

டீச்சருக்குக் கண் மங்கியது. திரையின் அளவை நூறு சதவீதத்திலிருந்து நூற்றைம்பதாகக் கூட்டினார். எழுத்தெல்லாம் பெரிதானது, சிறுபடங்களோ வெறும் வெள்ளைக் கட்டங்களாகிவிட்டன.

"எல்லாம் காலியாக் கிடக்கே" என்று டீச்சர் ஒவ்வொன்றாகக் குப்பைத்தொட்டியில் போடத் தொடங்கினார். பக்கத்திலிருந்த பட்டாக் கோப்பும் போயிற்று.

"அண்ணே, உள்ளே ஒரு கோடுகூட அழியாம இருக்கேன். எப்படியாவது சொல்லுங்கண்ணே!" என்று கோப்பு கெஞ்சியது.

"எனக்கென்ன குறை? திரைதான் சரியில்லை" என்றது வெள்ளைக் கட்டம்.

நல்லவேளையாக டீச்சருக்குச் சந்தேகம் வந்தது. மருமகள் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"கோப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு அத்தை. பட்டாவையும் மீட்டுடலாம். அளவைப் பழையபடி நூறுல வெச்சு, எழுத்தை மட்டும் பெருசாக்கிக்கங்க. இந்தப் பழைய சிறுபடங்களை அழிச்சுட்டா புதுசு தானா வந்துடும்."

சிறுபடம் முதன்முறையாகக் குரல் தாழ்த்தியது. "தம்பி, நான் போயிட்டா உன்னை யாருக்குடா தெரியும்?"

கோப்பு வாய் திறப்பதற்குள் அது போய்விட்டது.

அடுத்த நொடி வாசலில் புதுச் சிறுபடம் நின்றது. கூடம், அடுக்களை, கிணறு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. போன அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கோப்புக்கு ஆசை. அதற்குள் புதியது தொண்டையைச் செருமியது.

"என் மூஞ்சியைப் பார்த்துத்தான் உன்னை ஊருக்கே தெரியும்."

"ஆமாண்ணே" என்றது கோப்பு.