வேளாங்கண்ணிக்கு எதற்கு ஸ்வெட்டர்?

“யாரு சொன்னா? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்.”

கூடத்தின் நடுவில் நின்று கேட்டார் இக்னேஷியஸ். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரம்பு ஒன்றுதான் கையில் இல்லை. எதிரில் மனைவி ஐவி. அவளுக்குப் பின்னால், கையில் மாப்போடு, வீட்டு வேலை செய்யும் தேவானை.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை அவர் கேட்டைத் திறந்ததும், இஸ்திரி போடும் வேலு வண்டியடியில் நின்றபடியே கத்திவிட்டான்.

“இன்னா சார், பதினெட்டாந்தேதி சுவிஸ் போறீங்களாமே! குளுரு தாங்காதாம். கோட்டு கீட்டு இருந்தா குடுங்க, தேச்சுத் தரேன்.”

பெசன்ட் நகரில் வீடு பூட்டிக் கிடக்கும் என்ற செய்தி, திருடனுக்கு அச்சடித்த அழைப்பிதழ் என்பது இக்னேஷியஸின் கட்சி. அதனால் இரண்டு மாதமாக ஏற்பாடுகள். பாஸ்போர்ட் நகல் மூன்று: ஒன்று பெட்டியில், ஒன்று அவர் பனியனுக்குள், ஒன்று ஐவியின் ஜெபப் புத்தகத்தில். சாயங்காலமானால் தானாக எரியும் விளக்கு. ஆள் இருப்பதுபோல வாசலில் விட்டுவைக்கப் பழைய செருப்பு இரண்டு ஜோடி. சொந்தத் தம்பி உட்பட எல்லாரிடமும் ஒரே பொய்: நாகப்பட்டினம் பக்கம் வேளாங்கண்ணிக்கு, நேர்த்திக்கடன்.

“மாதா பேரைச் சொல்லிப் பொய் சொல்லலாமாங்க?” என்று ஐவி கேட்டாள்.

“பாதுகாப்புக்குச் சொன்னா பாவமில்ல” என்று பதில் வந்தது.

போன தடவை இலங்கைப் பயணம், பெட்டி கட்டிய பிறகு நின்றுபோனது. பால்காரருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். முப்பத்துநாலு வருஷக் கல்யாண வாழ்க்கையில் ஐவி பார்த்த தூரதேசம் பெங்களூர். தி. நகரில் வாங்கிய ஸ்வெட்டரை, இந்த மே மாதப் புழுக்கத்தில், மின்விசிறிக்கு அடியில் நின்று தினமும் ஒரு தரம் போட்டுப் பார்க்கிறாள்.

“ஊருக்கே தெரிஞ்சிருந்தா டிக்கெட்டை இப்பவே கேன்சல் பண்றேன்” என்று போனை எடுத்தார் இக்னேஷியஸ்.

நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரை ஐவி எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

தேவானை அவள் முகத்தைப் பார்த்தாள். மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.

“நான்தான் சார் சொன்னேன்.”

“நீயா? உனக்கு எப்படித் தெரியும்?”

“வேளாங்கண்ணிக்கு எதுக்கு சார் ஸ்வெட்டரு?”

இக்னேஷியஸ் மனைவியை முறைத்தார்.

“யார் யார்கிட்ட சொன்னே?”

“வேலு ஒருத்தன்கிட்டதான். நீங்க போறதில்லனு அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். வேற ஈ காக்காய்க்குத் தெரியாது சார்.”

“பதினோரு வருஷமா வீட்டுக்குள்ள விட்டதுக்கு நல்ல மரியாதை! நாளையிலேருந்து நீ வர வேணாம்.”

“சரி சார்.”

குப்பத்துக்காரி, கோபம் வந்தால் அவள் குரல் தெருமுனை வரை கேட்கும். அன்றைக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “பாத்தியா, தப்பு செஞ்சவ வாய் எழும்புமா?” என்றார் இக்னேஷியஸ். ஐவிக்கும் கோபந்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில், போனைக் கீழே வைத்துவிட்டாரே என்று குளுகுளுவென்று ஒரு நிம்மதி. படியிறங்கிப் போனவளிடம், ‘போய்ட்டு வா’ என்றுகூடச் சொல்லவில்லை.

பதினெட்டாம் தேதி மத்தியானம் டாக்ஸி வந்து நின்றது. காஸ் மூடியிருக்கிறதா என்று மூன்றாவது முறையாகப் பார்க்க இக்னேஷியஸ் உள்ளே போயிருந்தார். அப்போதுதான் பங்குக் கோயில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கிளிஃபர்ட் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான்.

“நல்லபடியா போய்ட்டு வாங்க ஆன்ட்டி. உங்க பூசை நல்லா நடந்துச்சு.”

“எந்தப் பூசை?”

“பாதுகாப்பான பயணத்துக்காகன்னு அங்கிள் பணங்கட்டி எழுதிக் குடுத்தாரே! ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிப் பூசை. நீங்க ரெண்டு பேரும்தான் சாயங்காலப் பூசைக்கு வர்றவங்களாச்சே, கேட்டிருக்க மாட்டீங்க. நான்தான் மைக்ல படிச்சேன். ‘பதினெட்டு முதல் இருபத்தெட்டு வரை சுவிட்சர்லாந்து செல்லும், மூன்றாவது குறுக்குத் தெரு இக்னேஷியஸ், ஐவி தம்பதியருக்காக.’ தேதி, தெருவெல்லாம் வேணுமா அங்கிள்னு கேட்டேன். ‘ஆண்டவர் காவல் காக்கணும்னா விலாசம் தெரிய வேணாமா’ன்னாரு.”

ஐவி வாசற்கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெளியிலயும் கேட்டிருக்குமா?”

“பின்ன? ஸ்பீக்கர் பீச் வரைக்கும் கேட்கும்.” கிளிஃபர்ட் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “தேவானையக்கா அந்தப் பக்கமா பால் வாங்கினு போனவங்க, பூசை முடிஞ்சதும் உள்ள வந்து என்னைப் புடிச்சுக்கிட்டாங்க. ‘ஏன் நைனா, வீடு பூட்டிக் கெடக்கும்னு ஊருக்கே தண்டோரா போடறே?’ன்னு ஒரே திட்டு. அப்புறம் கெஞ்சறாங்க. ‘மைக்குல சொன்னது சாருக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா கேன்சல் பண்ணிடுவாரு. அம்மா பாவம், ஒரு ஊரும் பார்த்ததில்ல. சார் கேட்டா நான் எதுனா சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்’னு.”

வாசலில் கிடந்த பழைய செருப்புகளை ஐவி குனிந்து நேராக்கி வைத்தாள்.

“நேத்துப் பார்த்தேன். கோட்டூர்புரத்துல வீடு வீடா வேலை கேட்டுக்கினு இருந்தாங்க. ஏன் ஆன்ட்டி, உங்க வீட்ல நிறுத்திட்டீங்களா?”

கதவைப் பூட்டி, பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு இக்னேஷியஸ் படியிறங்கி வந்தார்.

“என்னவாம் இவனுக்கு?”

ஐவி கணவரைப் பார்த்தாள். டாக்ஸியில் ஏறிவிட்ட பெட்டிகளைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லீங்க. நமக்காக ஜெபம் பண்ணிக்கிறானாம்” என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாக வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.